ஆறு கோட்டும் ஒரு பலகையும்

சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஞானசேகரன் டைலர்ஸுக்கு வழி சொல்வது சுலபம். மீசைக்காரர் சிரிக்கிற கடை என்றால் போதும். பலகையில் அகலக் காலர் கோட்டுப் போட்ட ஒருவர் வானத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் யாரென்று கடைக்காரருக்கே தெரியாது. பலகை எழுத வந்தவர், எழுத்துப் போக மிச்சமிருந்த இடத்தைச் சும்மா விட மனமில்லாமல் வரைந்துவிட்டுப் போனது. தெருவில் எத்தனையோ கடை மாறியும் அவர் மட்டும் அசையவில்லை.

அவரை இறக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவள் திவ்யதர்ஷினி, ஞானசேகரனின் மருமகள். ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு விளம்பர நிறுவனத்தில் உட்கார்ந்து ஊரார் பிஸ்கட்டுக்கும் ஷாம்புவுக்கும் பெயர் வைத்துவைத்து அலுத்துப்போய் வேலையை உதறிவிட்டு வந்தவள். தனக்கென்று ஒன்றை எடுத்து நடத்திக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவளைத் தூங்கவிடவில்லை. எடுத்து நடத்த வீட்டிலேயே ஒரு கடை இருந்தது. கணவன் குமரன் கப்பல் பட்டறையில் இன்ஜினியர். சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தால் அந்தச் சட்டையையே மறந்துவிடுகிற ரகம். அவனை நம்பி அந்தக் கடை இல்லை.

தோ பாயோ பேட்டையில் இருந்த வீட்டு ஹாலில் டிவியில் படம் போட்டு அவள் மாமனாருக்கு விளக்கினாள். கரும்பச்சைப் பின்னணி, அதில் வெள்ளை எழுத்தில் 'அளவு' என்று ஒரே ஒரு சொல், அதற்குக் கீழே பொடியாக 'இம்மி பிசகாமல்'. மீசைக்காரர் கிடையாது. கண்ணாடி அலமாரியில் மூக்கு உடைந்து நிற்கிற பொம்மையும் கிடையாது. அளவெல்லாம் டேப்லட்டில் ஏறும், அங்கிருந்து நேராக வெட்டு மேசைக்குப் போகும். கடைசிப் படம் வந்தபோது மாமியார் ரஞ்சிதம் கை தட்டினார். ஞானசேகரன் தட்டவில்லை. அஜீஸ் பாய்க்குப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அப்துல் அஜீஸ் கடையின் கட்டர். ஞானசேகரன் அளவெடுப்பார், அஜீஸ் பாய் வெட்டுவார், அப்படியே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. திவ்யா அவரிடம் போய்க் கேட்டாள். அண்ணனுக்குப் பிடித்திருந்தால் தனக்கும் பிடித்த மாதிரிதான் என்றார் அவர். திரும்பி வந்து மாமனாரிடம் சொன்னாள். பாய்க்குப் பிடித்திருந்தால் சரி என்றார் இவர். இந்த இருவரும் ஒருவருக்கொருவர் நேராக எதையும் சொல்லிக்கொண்டதே இல்லை என்பது அவளுக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் ஞானசேகரன் ஒரு நிபந்தனை போட்டார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பலகை வெளியில தொங்குறதும்மா. உள்ள தைக்கிறது சரியா இருந்தாத்தான் அது தொங்கணும். என்னோட பழைய கஸ்டமர் ஆறு பேரு. அளவு மட்டும் நான் எடுத்துத் தர்றேன். மத்ததெல்லாம் நீயே நின்னு செய். திறப்பு விழா அன்னிக்கு ஆறு பேரும் அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து நல்லாயிருக்குன்னு சொன்னா, பலகையை மாத்திக்க, கடையையும் நீயே எடுத்துக்க. ஒருத்தர் மூஞ்சி சுளிச்சாலும் மீசைக்காரரு அங்கேயே இருக்கட்டும்."

ட்ரையல் நடக்கும் நாட்களில் தான் கடைப்பக்கமே வரப்போவதில்லை என்றும் சொன்னார். தன் முகத்துக்காக யாரும் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாதாம். திவ்யாவுக்கு அது நியாயமாகவே பட்டது. தோற்றால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பழைய மேலாளர் ஒரு புதுத் தயிருக்குப் பெயர் வைக்க ஆள் வேண்டும் என்று வாரத்துக்கொரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 

இதற்கு நடுவில் அஜீஸ் பாய் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாத விடுப்பில் கடையநல்லூருக்குப் போய்விட்டார். திவ்யா கலங்கவில்லை. ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு ஒரு பெரிய கடையில் வெட்டிக்கொண்டிருந்த ஷபானா என்ற பெண்ணை அந்த மாதத்துக்கு அமர்த்தினாள். ஷபானா பேசுவது குறைவு, கத்தரி பேசும். கோடு போட்டால் போட்ட கோட்டில்தான் வெட்டுவாள், தலைமுடி அளவும் விலக மாட்டாள். 'இம்மி பிசகாமல்' என்ற வரிக்கே ஆள் கிடைத்துவிட்டதாக திவ்யாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அளவெடுக்கிற நாள் வந்தது. ஞானசேகரன் அளவெடுப்பதைப் பார்க்க வேண்டும். பழைய சீட்டை வைத்துத் தைப்பது சோம்பேறி வேலை என்பார். அந்தக் கடையில் எத்தனை வருடப் பழக்கமானாலும் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுதான் ஆக வேண்டும். அவர் டேப்பை வைத்து, எடுத்து, எண்ணைக் கடை முழுக்கக் கேட்கும்படி ராகம் போட்டுச் சொல்வார். பின்னால் ஸ்டூலில் அஜீஸ் பாய் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார். அன்றைக்கு அந்த ஸ்டூலில் டேப்லட்டோடு திவ்யா உட்கார்ந்திருந்தாள்.

"தோள் பதினெட்டு. மார்பு நாப்பத்திரண்டு. இடுப்பு முப்பத்தெட்டேய்."

அது முத்துராமன். தோ பாயோவில் கோயில் கமிட்டிப் பொருளாளர், முன்னாள் பள்ளி முதல்வர், தொந்தியை ஒரு பதவி மாதிரி முன்னால் தாங்கி நடப்பவர். அடுத்து வக்கீல் அன்வர். அப்புறம் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற லிம், ஆறு பேரில் இவர் ஒருவர்தான் ஒல்லி. பிறகு ஒரு ஹோட்டல் மேலாளரும் இன்னும் இருவரும். எல்லா எண்ணையும் திவ்யா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு ஏற்றினாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தாள்.

ஷபானா வெட்டினாள், மேல்மாடித் தையல்காரர்கள் தைத்தார்கள், ஆறு கோட்டும் ஆறு பேண்டும் வரிசையாகத் தொங்கின. பார்க்கக் கண் நிறைந்தது. திவ்யா படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். கண்ணாடிக் கதவில் 'இம்மி பிசகாமல்' என்ற ஸ்டிக்கரையும் முன்கூட்டியே ஒட்டிவிட்டாள். சனிக்கிழமை விழா. வாரத் தொடக்கத்தில் ட்ரையல்.

முதலில் வந்தவர் முத்துராமன். கோட்டைப் போட்டுக்கொண்டார். தோள் அச்சாக உட்கார்ந்தது. பொத்தானைப் போடப் போனார். பொத்தான் ஒரு பக்கம் நின்றது, காஜா மறு பக்கம் நின்றது, இரண்டும் பேச்சு வார்த்தைக்கே வரவில்லை. பேண்ட் கதையைச் சொல்ல வேண்டாம். முத்துராமன் கண்ணாடியில் தன்னை ஒரு முறை பார்த்தார், திவ்யாவை ஒரு முறை பார்த்தார், முகம் சிவந்துபோனது.

"சாரிம்மா. கோயில்ல திருவிழா. தினமும் சக்கரைப் பொங்கல். நான்தான் வாயைக் கட்டல."

பாவம், நல்ல மனுஷன், இந்த வயதில் நாக்கை அடக்க முடியவில்லை என்று திவ்யா நினைத்துக்கொண்டாள். தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம் அங்கிள் என்று ஆறுதல் சொன்னாள். அவரோ சனிக்கிழமைக்குள் இளைத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். இது வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, லிஃப்டில் கூட ஏறப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து அன்வர். அவருக்கும் பொத்தான் எட்டவில்லை. பெருநாள் முடிந்தும் பிரியாணி முடியவில்லை என்று அவராகவே குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் அத்தனை பேருக்காக வாதாடுகிறவர் தன் வயிற்றுக்காக ஒரு வார்த்தை வாதாடவில்லை. அதற்கடுத்தவர் மாமியார் வீட்டைக் குறை சொன்னார். லிம் கதை வேறு. அவருக்கு இடுப்புப் பொருந்தியது, மார்பில் கோட்டு ஒரு இஞ்ச் காற்றில் ஆடியது. வயதானால் உடம்பு சுருங்கும்தானே என்று அவர் ஆங்கிலத்தில் தத்துவம் பேசிவிட்டு, ஒரு பெருமூச்சோடு கழற்றி வைத்தார்.

லிம் போன பிறகுதான் திவ்யாவுக்குப் பொறி தட்டியது. ஆறு பேரில் நாலு பேர் ட்ரையல் பார்த்தாயிற்று, மூன்று பேர் ஒரே மாதத்தில் ஊதியிருக்கிறார்கள், ஒருவர் சுருங்கியிருக்கிறார். சிங்கப்பூரில் அப்படி என்ன காற்று அடித்தது. ஷபானாவைக் கூப்பிட்டாள். வெட்டு சரியா என்று கேட்ட கேள்விக்கு ஷபானா கோட்டை மேசையில் விரித்து டேப்பை வைத்துக் காட்டினாள். டேப்லட்டில் என்ன இருந்ததோ அதுவே கோட்டில் இருந்தது. பிறகு வந்த ஐந்தாமவருக்கும் இறுக்கம், கடைசியாக வந்த ஹோட்டல் மேலாளருக்கும் இறுக்கம். அவர் தன் காலைச் சாப்பாட்டு பஃபேயைத் திட்ட ஆரம்பிப்பதற்குள் திவ்யா அவர் அனுமதியோடு டேப்பை எடுத்துச் சுற்றினாள். ஏற்றிய எண்ணைவிட இரண்டு இஞ்ச் கூடுதல்.

 அப்படியானால் தப்பு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதியவள் செய்தது. காதால் கேட்டதைத்தானே ஏற்றினாள். கேட்டதே தப்பா, விரல் தப்பா, ஆறு பேருக்குமா. மாமனாரிடம் போக வெட்கமாக இருந்தது. கடையநல்லூருக்கு வீடியோ கால் போட்டாள்.

அங்கே கல்யாண வீடு. பந்தல் போடும் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம், அதற்கு நடுவில் அஜீஸ் பாய் காதில் ஃபோனை வைப்பதா கண்ணில் வைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். திவ்யா நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவர் பந்தல் சத்தத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, அண்ணன் வாயால சொன்ன நம்பரையா எழுதுனே?"

"அதைத்தானே எழுதணும் பாய்?"

"அதை எழுதக் கூடாதும்மா. வயித்துக்கு அண்ணன் எப்பவும் ரெண்டு இஞ்ச் குறைச்சுத்தான் சொல்வாரு. ஒல்லியா இருந்தா மார்புல ஒண்ணு கூட்டிச் சொல்வாரு. கடையில நாலு பேரு நிக்கிறாங்க, ஆளு கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு, அந்த நேரத்துல நாப்பதுன்னு கத்தினா அவருக்கு எப்படி இருக்கும்? நான் ஆளை ஒரு பார்வை பார்ப்பேன், சரியா எழுதிக்குவேன்."

இதை அவர் யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று திவ்யா கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். பாய்க்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவரிடமும் யாரும் சொல்லவில்லையாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்ன எண்ணுக்கே வெட்டி இரண்டு பேண்டைக் கெடுத்தாராம், அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பிரித்துத் தைத்தாராம், மூன்றாவது பேண்டிலிருந்து தானே புரிந்துகொண்டாராம். அன்று முதல் இன்று வரை அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தான் கூட்டி எழுதுவது அண்ணனுக்குத் தெரியுமா என்பதே அவருக்குத் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு அஜீஸ் பாய் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்காமல் ஃபோனை மணமகளிடம் கொடுத்துவிட்டார்.

திவ்யா தேக்கா சந்தைக்கு நடந்தாள். கோபம் காலில் இருந்தது, வழக்கத்தைவிட வேகமாகவே போய்ச் சேர்ந்தாள். மீனும் காய்கறியும் விற்கிற ஈரச் சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு மேசையில் ஞானசேகரன் தே தாரிக் என்கிற நுரைத் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். கடைக்கு வராமல் இருக்கும் விரதத்தை அவர் அங்கேதான் கழித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பாதி கேட்டபோதே அவர் நெற்றியில் கை வைத்துவிட்டார். அவருக்கு வேடிக்கையாக ஒன்றும் இல்லை, நிஜமாகவே பதறிப்போனார்.

"பாய் இல்லைங்கிறதே எனக்கு மறந்து போச்சும்மா" என்றார். "டேப்பைக் கையில எடுத்தா வாய் தன்னால சொல்லும். பின்னால பாய் இருக்காருன்னு நெனைப்பு."

"இத்தனை வருஷமா பொய் சொல்லியிருக்கீங்க மாமா."

"பொய் இல்லம்மா. துணிகிட்ட நான் பொய் சொன்னதே இல்ல. ஆளுகிட்ட ஒரு மரியாதை, அவ்வளவுதான். அவங்களுக்குத் தெரிஞ்சா மனசு நொந்து போயிடும்."

கோபப்பட வேண்டும் என்று வந்தவளுக்கு அந்த முகத்தைப் பார்த்துக் கோபம் நிற்கவில்லை. ஆனால் பிரச்சினை அப்படியே நின்றது. கோட்டைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. அந்தக் கடையில் எதைத் தைத்தாலும் உள்ளே தாராளமாகத் துணி மடித்து விட்டிருப்பார்கள், பிரித்து விட்டால் ஒரு நாள் வேலை. ஆட்களை என்ன செய்வது. கடை இத்தனை வருடம் குறைத்துச் சொன்னது என்று உண்மையைச் சொன்னால் ஆறு பேருக்கும் மாமனார் முகத்தில் விழிக்கக் கூச்சமாகிவிடும், அவருக்கும்தான். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பாவம் ஆறு பேரும் உடம்பு கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டு பட்டினி கிடப்பார்கள். அன்வர் அதற்குள் ஒரு ஜிம்மில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார். மிச்சம் ஒரே ஒரு வழிதான். தப்பு தன்னுடையது என்று சொல்லிவிடுவது. 'இம்மி பிசகாமல்' என்று கதவில் ஒட்டியவள், ஆறு கோட்டிலும் பிசகிவிட்டேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவள் கையில் கடையைக் கொடுங்கள் என்று எந்தக் கஸ்டமர் சொல்வான்.

வேண்டுமானால் தானே அவர்களிடம் பேசுவதாக மாமனார் சொல்லவில்லை. நிபந்தனையைத் தளர்த்துவதாகவும் சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். அவள் ஃபோனை எடுத்து அங்கேயே, அவர் எதிரிலேயே, ஒவ்வொருவராக அழைத்தாள்.

"டேப்லட்ல ஏத்துறப்ப நான் தப்புப் பண்ணிட்டேன் அங்கிள். உங்க உடம்புல ஒரு மாத்தமும் இல்ல. கோட்டைச் சரி பண்ணி வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன்."

அன்வர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஜிம்மில் கட்டியது போகட்டும், இன்றைக்கே பிரியாணி என்றார். லிம், தான் சுருங்கவில்லை என்று மனைவியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று அவசரமாக வைத்துவிட்டார்.  முத்துராமன் மட்டும் அப்படியாம்மா, அப்படியா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு சனிக்கிழமை வருகிறேன் என்றார். ஆறாவது அழைப்பு முடிந்தபோது ஞானசேகரன் எழுந்து போய் அவளுக்கு ஒரு தே வாங்கி வந்து வைத்தார்.  அந்த வீட்டில் யார் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை திவ்யா முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து, சூடு காட்டிக் காட்டி, கதவிலிருந்த ஸ்டிக்கரை உரித்தாள். பலகையிலும் அந்தப் பொடி வரியை எடுத்துவிடச் சொன்னாள். அவளுக்கு மிகவும் பிடித்த வரி அது. உரிக்கும்போது வலிக்கத்தான் செய்தது. ஷபானா பக்கத்தில் நின்று உரிந்த எழுத்துகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். முன்பே தன்னிடம் சொல்லியிருந்தால் தானே கூட்டி வெட்டியிருப்பேனே என்று அவள் சொன்னபோது திவ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை தெரு நிறையக் கூட்டம். பூக்கடைக்காரர்கள், பக்கத்து நகைக்கடைக்காரர்கள், திவ்யாவின் பழைய அலுவலகத் தோழிகள் எல்லாரும் வந்தார்கள். குமரன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவனால் முடிந்தது அது. புதுப் பலகை துணி சுற்றிச் சுவரில் சாய்ந்திருந்தது. மீசைக்காரர் இன்னும் மேலேதான் சிரித்துக்கொண்டிருந்தார். திவ்யாவுக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆறு பேரும் வந்தார்கள். கோட்டுகள் உட்கார்ந்த அழகை என்னவென்று சொல்வது. அன்வர் பொத்தானைப் போட்டும் கழற்றியும் போட்டும் காட்டினார். ஞானசேகரன் வரிசையாகப் போய் ஒவ்வொருவர் தோளையும் தடவி, முதுகைப் பார்த்து, கையை மடக்கச் சொல்லி, சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். முத்துராமன் பள்ளி முதல்வராக இருந்தவர் அல்லவா, கூட்டத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார். தன் கோட்டு முதலில் சேரவில்லை என்பதையும், இந்தப் பெண் தானே ஃபோன் செய்து தப்பை ஒப்புக்கொண்டாள் என்பதையும், ஒரு வாரத்துக்குள் அதைச் சரிசெய்து வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள் என்பதையும் ஊரறியச் சொன்னார். பழைய அலுவலகத் தோழிகள் திரும்பித் திவ்யாவைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவளுக்கு.

ஞானசேகரன் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். குமரனை நகரச் சொன்னார்.

"முதல் வேலையிலேயே தப்பு நடந்துச்சு. யாரு மேலயும் போடாம தன் மேல போட்டுக்கிட்டா. கடைய நடத்த எனக்கு அது போதும். பலகையை ஏத்துங்க."

மீசைக்காரர் ஒருவழியாகக் கீழே இறங்கினார். கிட்டத்தில் பார்த்தால் அவருக்கு ஒரு கண் சிறியது, ஒரு கண் பெரியது. ரஞ்சிதம் அவரை வீட்டுக்கு எடுத்துப் போகப் போவதாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். துணியை விலக்கியபோது 'அளவு' என்ற ஒற்றைச் சொல் வெயிலில் பளிச்சென்று நின்றது. திவ்யா படம் எடுத்தாள், படத்துக்கு நின்றாள், கை குலுக்கினாள், கேசரி கொடுத்தாள். சந்தோஷம்தான். ஆனாலும் வேறு யாருக்கோ நடக்கிற விழாவில் ஓடியாடி வேலை செய்கிற மாதிரியே இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு முத்துராமன் போகாமல் நின்றார். மகள் வைஷாலிக்குக் கல்யாணம், இன்னொரு சூட் வேண்டும், இன்றைக்கே அளவெடுத்துவிடுங்கள் என்றார். வழக்கம்போல ஞானசேகரன் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். ஞானசேகரன் தன் கழுத்திலிருந்த டேப்பைத் தொடவில்லை.

"கடை அவளோடது சார். அவளே எடுப்பா."

சொல்லிவிட்டுப் பின்னால் போய், அஜீஸ் பாயின் ஸ்டூலில் உட்கார்ந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார். அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. திவ்யா மேசையிலிருந்த வேறொரு டேப்பை எடுத்தாள். தோள் எடுத்தாள், சொன்னாள். மார்பு எடுத்தாள், சொன்னாள். இடுப்பைச் சுற்றியபோது டேப் நாற்பதில் வந்து நின்றது. அவள் ஒரு நொடி தயங்கினாள். முத்துராமன் செருப்பைப் பார்ப்பது போலக் குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"முப்பத்தெட்டுன்னு சொல்லும்மா. மாமா எப்பவும் அப்படித்தான் சொல்வாரு."

திவ்யா டேப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"என் வீட்ல டேப் இருக்குலா. எனக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாத் தெரியும்."

"அப்ப அன்னிக்கு ஏன் அங்கிள் பொங்கல் அது இதுன்னு சொன்னீங்க?"

"வேற என்னம்மா சொல்றது? கோட்டு சின்னதுன்னு சொன்னா, ஏன்னு தேடுவீங்க. அப்புறம் அவரு குறைச்சுச் சொல்றது வெளியில வந்துடும். மனசு நொந்து போயிடுவாரு. நான் குண்டாயிட்டேன்னு சொன்னா யாருக்கு என்ன? எனக்குத் தெரியும்கிறதை அவருகிட்ட மட்டும் சொல்லிடாத."

திவ்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி அடக்குவது என்று தெரியவில்லை. கஸ்டமருக்குத் தெரியக் கூடாது என்று மாமனார். மாமனாருக்குத் தெரியுமோ என்னவோ என்று அஜீஸ் பாய். மாமனாருக்குத் தெரியவே கூடாது என்று கஸ்டமர். ஒருவர் மனசு நோகக் கூடாதென்று இன்னொருவர் இத்தனை வருடம் வாயைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒருவரிடம் ஒருவர் சொல்லாததை இந்த ஒரு வாரத்தில் மூன்று பேரும் அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

"என்னம்மா, எவ்வளவு?" என்று பின்னாலிருந்து ஞானசேகரன் கேட்டார்.

திவ்யா நிமிர்ந்து, கடை முழுக்கக் கேட்கும்படி, "இடுப்பு முப்பத்தெட்டு, மாமா" என்றாள். முத்துராமன் நிம்மதியாக வயிற்றைத் தளர்த்தினார். ஸ்டூலில் பென்சில் எழுதும் சத்தம் கேட்டது. கடை தன் கைக்கு வந்துவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பலகையை ஏற்றியபோதுகூட அப்படித் தோன்றவில்லை.